காற்று இல்லாத மழை

அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம் போனால் ஒரு விதைப் பண்ணை வரும். அதன் வடகிழக்கு மூலையில், கம்பி வேலிக்குள், ஒரு மழைமானியும், வெள்ளையடித்த மரப்பெட்டிக்குள் வெப்பமானிகளும், கம்பத்தின் மேல் ஒரு காற்றுத் திசைகாட்டியும், கிண்ணங்கள் சுழலும் காற்று வேகமானியும் இருக்கின்றன. இருபது வருடத்துக்கும் மேலாக அவற்றைப் பார்த்து எழுதுகிறவள் டெபோரா. தினமும் காலை எட்டரைக்கு அங்கே போய் நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் உண்டு, கிறிஸ்துமஸ் அன்றும் உண்டு. அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பண்ணைக் குடியிருப்பில் ஒற்றை அறை வீட்டில் இருக்கிறாள். வேலிக்கும் வீட்டுக்கும் நூறு எட்டு வைக்கிற தூரம்.

மழையை அளப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மழைமானிக்குள் ஒரு குப்பி. அதில் சேர்ந்த தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றி, எத்தனை மில்லிமீட்டர் என்று பார்க்க வேண்டும். குவளை ஒரு தடவைக்கு இருபது மில்லிமீட்டர் பிடிக்கும். குப்பி இருநூறு பிடிக்கும். அதற்கு மேல் பெய்தால் வழிந்துவிடும். வழிந்த மழை பெய்யாத மழைதான், கணக்கில் வராது. அதனால் கனமழை நாளில் குப்பி நிறையும் முன் போய் அளந்து, கொட்டிவிட்டு, மறுபடி வைக்க வேண்டும். சென்னையில் நடந்த ஐந்து நாள் பயிற்சியில் டெபோராவுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தார்கள். மேகங்களின் வகை, காற்றழுத்தம், காற்றுச் சுழற்சி என்று இன்னும் நிறையச் சொன்னார்கள். அவள் எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, ஊருக்கு வந்தபிறகு புத்தகம் வாங்கியும் படித்தாள். கடலின் ஈரம் எப்படி மலையில் வந்து முட்டி மழையாகிறது என்று அவள் விளக்கினால் பண்ணை மேலாளரே நின்று கேட்பார்.

அவளிடம் அதிகம் கேட்டவன் அவளுடைய தம்பி மெர்வின். ஆழ்வார்திருநகரிக்குக் கிழக்கே ஆற்றங்கரையை ஒட்டிய ஊரில் இரண்டு ஏக்கர் வாழை போட்டிருந்தான். மனைவி ஜெர்லின் உவரிக்காரி, மீன்பிடிக் குடும்பம். ஒரே மகள் டார்லின், பத்தாம் வகுப்பு. வானம் மூடினால் மெர்வினிடமிருந்து போன் வந்துவிடும். கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"அக்கா, காத்து உண்டா?"

வாழைக்குக் காற்றுதான் எமன். குலை தள்ளி நிற்கும் மரம் ஒரு மணி நேரக் காற்றில் படுத்துவிடும். கடற்கரையில் வளர்ந்த ஜெர்லினுக்கும் அப்படித்தான். அவள் ஊர்க் கோயிலின் ஒலிபெருக்கியில் புயல் எச்சரிக்கை வாசித்தால் முதலில் காதில் விழுவது காற்றின் வேகம்தான். மழையைப் பற்றி யாரும் கேட்டதில்லை. மழை எல்லாருக்கும் வேண்டியதாக இருந்தது.

2023 டிசம்பர் பதினாறாம் தேதி, சனிக்கிழமை மாலையும் மெர்வின் கூப்பிட்டான்.

"அக்கா, நாளைக்கு இங்கனயெல்லாம் பலத்த மழைன்னு டிவில சொல்லுதான். காத்து உண்டா?"

டெபோரா அன்றைய அறிக்கையை ஏற்கெனவே வாசித்திருந்தாள்.

"காத்து இல்லலே. புயல் ஒண்ணும் கிடையாது. குமரிக்கடல் பக்கம் மேல ஒரு சுழற்சி நிக்குது, அவ்வளவுதான். மழை நல்லா இருக்கும்."

"மழை பெஞ்சா பெய்யட்டும். அப்போ மரத்துக்கு முட்டுக் குடுக்க ஆள் கூப்பிட வேண்டாம்லா?"

"வேண்டாம்."

"சரிக்கா. ஜெர்லின் மீன் கொழம்ப எறக்கிட்டா. வச்சிருதேன்."

அவள் சொன்னது தப்பில்லை. புயல் இல்லை. அந்த மழைக்குப் பெயர்கூட வைக்கவில்லை. காற்றும் வரவில்லை.

ஞாயிறு காலை எட்டரைக்கு அளந்தபோது முப்பத்தொரு மில்லிமீட்டர். டிசம்பருக்கு அது சாதாரணம். பத்தரை மணிக்கு ஓடு அதிர்கிற சத்தத்தைக் கேட்டு, மணி பாராமல் குடையோடு போய் அளந்தாள். இரண்டு மணி நேரத்தில் எழுபது. ஒரு மணிக்குப் போனபோது குப்பி பாதிக்கு மேல் வந்துவிட்டது. குவளையில் ஊற்றி ஊற்றி எண்ணினாள். ஆறு குவளையும் கொஞ்சமும். எண்ணிக்கை விட்டுப்போய்விடக் கூடாது என்று ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொன்னாள்.

நிமிர்ந்து திசைகாட்டியைப் பார்த்தாள். அது வடகிழக்கைக் காட்டிக்கொண்டு, அசையாமல் நின்றது. வேகமானியின் கிண்ணங்கள் பையச் சுற்றின. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. பலமான காற்று அடித்திருந்தால் இந்த மேகம் மலையைத் தாண்டிப் போயிருக்கும். தள்ள ஆளில்லாததால் இங்கேயே நின்று கொட்டுகிறது. கடலிலிருந்து ஈரம் வந்துகொண்டே இருக்கிறது, மேகம் நகரவே இல்லை. நேற்றுத் தம்பியிடம் நல்ல செய்தியாகச் சொன்ன அதே விஷயம்தான் இன்றைய ஆபத்து.

மூன்றரைக்கு மறுபடி அளந்தாள். காலை எட்டரையிலிருந்து மொத்தம் இருநூற்று எண்பத்து நான்கு. பத்தொன்பது வருடத்தில் அவள் ஒரு முழு நாளில் எழுதிய அதிகபட்சம் நூற்று அறுபத்தைந்து. இது ஏழு மணி நேரம்.

இங்கே பெய்யும் தண்ணீர் ஆற்றோடு போய்த் தம்பியின் ஊரை எட்ட எப்படியும் அரை நாள் ஆகும். அவனைக் கூப்பிட வேண்டும் என்று நினைத்தாள். ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறது. அசாதாரண மழை பதிவானால் உடனே மேல் அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். போனில் ஒரு கோடு சிக்னல்தான் இருந்தது. முதலில் அலுவலகத்துக்குப் போட்டாள். மணி மூன்று நாற்பத்தொன்று.

"மேடம், இருபத்தெட்டா, இருநூத்தி எம்பதா?" என்றது எதிர்க்குரல்.

"இருநூத்தி எண்பத்தி நாலு சார். காலைல எட்டரையிலருந்து."

"வெளித்தண்ணி குப்பிக்குள்ள போயிருக்கும். மறுபடி அளந்து பாருங்க."

"மறுபடி அளக்க அந்தத் தண்ணி இல்ல சார். அளந்து கொட்டியாச்சு. நேரம் போட்டுக் குறிச்சு வச்சிருக்கேன்."

"இந்த நம்பர நான் மேல சொன்னா என்னையத்தான் கேப்பாங்க. லைன்ல இருங்க."

இருந்தாள். பின்னால் வேறு போன்கள் அடிப்பது கேட்டது. அவர் கெட்டவர் இல்லை. அன்றைக்கு அவருக்கு எல்லாத் திசையிலிருந்தும் நம்ப முடியாத எண்களாக வந்துகொண்டிருந்தன. கடைசியில் எழுதிக்கொண்டார். வைக்கும்போது மணி மூன்று நாற்பத்தெட்டு.

அடுத்த நிமிடம் மெர்வினுக்குப் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகப் பதிவுக் குரல் சொன்னது. ஜெர்லினுக்குப் போட்டாள். அதே குரல். மறுபடி மெர்வினுக்கு. போனில் சார்ஜ் தீரும்வரை அந்தக் குரல் மாறவில்லை. இடையில் மணிக்கொரு தடவை வேலிக்குள் போய்க் குப்பியை அளந்து கொட்டிவிட்டு வந்தாள். அதை மட்டும் விடவில்லை.  குப்பி நிறைந்தது, போய்க் கொட்டினாள். திங்கள் காலை எட்டரைக்கு, இருபத்து நான்கு மணி நேர மழை ஐந்நூற்றுத் தொண்ணூற்றாறு மில்லிமீட்டர் என்று பதிவேட்டில் எழுதினாள். கையெழுத்து எப்போதும்போல் நேராக இருந்தது.

கீழே இருந்து எந்தத் தகவலும் வரவில்லை. ரோடு அறுந்திருந்தது, போன் இல்லை, கரண்டு இல்லை. புதன்கிழமை பண்ணையின் டிராக்டரில் கொஞ்ச தூரம், பால் கொண்டுபோன லாரியில் கொஞ்ச தூரம், மிச்சம் நடையாக டெபோரா போய்ச் சேர்ந்தாள். ஊர் முழுவதும் ஒரே நிறத்தில் இருந்தது, சேற்றின் நிறத்தில். வாழைகள் நின்றுகொண்டிருந்தன. ஒன்றுகூடச் சாயவில்லை. இலைகளில் மட்டும் ஆள் உயரத்துக்குச் சேறு அப்பியிருந்தது.

ஜெர்லின் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். யாரோ கொடுத்த நைட்டி போட்டிருந்தாள். டார்லின் பக்கத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"மயினி, அவரு இல்ல," என்றாள் ஜெர்லின்.

டெபோரா தரையில் உட்கார்ந்தாள்.

"எத்தன மணிக்கு?"

"விடியக்காலம் அஞ்சு இருக்கும். எங்க ரெண்டு பேரையும் பக்கத்து மாடில ஏத்திவிட்டுட்டாரு. ரேஷன் கார்டு, பிள்ளை சர்டிபிகேட்டு எல்லாம் இருந்த பைய எடுத்துட்டு வாரேன்னு எறங்கினாரு. தண்ணி இடுப்பளவுதான் நின்னுது. செவரு இடிஞ்சிட்டு."

காலை ஐந்து மணி. அப்போது மணிக்குப் பதினெட்டு மில்லிமீட்டர் வீதம் பெய்துகொண்டிருந்தது என்று டெபோராவுக்கு நினைவு வந்தது. அந்த எண் மட்டும்தான் வந்தது. வேறு எதுவும் வரவில்லை. அந்தப் புதன்கிழமை காலைதான் அவனை உடைமுள் மரப் புதரில் எடுத்திருந்தார்கள். போய்ப் பார்த்தாள். அவன்தான் என்று சொன்னாள். காகிதம் நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டாள். கல்லறைத் தோட்டத்தில் போதகர் ஜெபித்தபோது எல்லாரும் தலை குனிந்திருக்க, அவள் வானத்தைப் பார்த்தாள். சிதறிய மேகம், வடகிழக்குக் காற்று, லேசு.

எட்டாம் நாள் வேலைக்குத் திரும்பினாள். துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுத்தாள். "கர்த்தர் சித்தம்மா" என்றால் "சரி" என்றாள். "அழுதுரு பிள்ளே, அழுதாத்தான் ஆறும்" என்றால் அதற்கும் "சரி" என்றாள். அழுகை வரவில்லை. தூக்கம் வந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கே படுத்து, விடிந்தபிறகு எழுந்தாள். கனவு எதுவும் இல்லை. வாசலில் தொங்கவிட்ட கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை யாரும் கழற்றவில்லை. பிப்ரவரியில் பக்கத்து வீட்டுக்காரர் கேட்காமலே வந்து கழற்றி மடித்து வைத்துவிட்டுப் போனார்.

ஜனவரியில் அந்தப் பெரிய எண்ணைச் சரிபார்க்க இரண்டு பேர் வந்தார்கள். மழைமானியின் மட்டத்தைப் பார்த்தார்கள், குவளையைப் பார்த்தார்கள், அவள் நேரம் போட்டு எழுதிய துண்டு நோட்டை ஒவ்வொரு வரியாகக் கூட்டிப் பார்த்தார்கள்.

"மணிக்கு ஒரு தடவ எடுத்திருக்கீங்க. பல இடத்துல குப்பி வழிஞ்சு கணக்கே இல்லாமப் போச்சு. உங்க நம்பரை அப்படியே ஏத்துக்கறோம்," என்றார் மூத்தவர். "இந்தச் சுழற்சியைப் பத்தி ஆராய்ச்சி பண்ணறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம். அடுத்த தடவை முன்கூட்டியே சொல்றதுக்கு இதுமாதிரி கணக்குதான் உதவும்."

"சரி சார்," என்றாள் டெபோரா.

மார்ச்சில் ஜெர்லினும் டார்லினும் அவளோடு வந்து சேர்ந்தார்கள். அங்கே வீடு என்று சொல்ல மூன்று சுவர்தான் மிச்சம். ஜெர்லின் உவரிக்குப் போயிருக்கலாம். "அங்கன போனா எல்லாரும் என் மொகத்தையே பாப்பாவ மயினி. நீங்கன்னா பாக்க மாட்டீங்க," என்றாள். உண்மைதான். டெபோரா யார் முகத்தையும் பார்ப்பதில்லை. ஒற்றை அறையில் மூன்று பேர் இருந்தார்கள். ஜெர்லினுக்குப் பண்ணையிலேயே விதை புடைக்கும் வேலை கிடைத்தது. டார்லின் பரீட்சை எழுதினாள், பாஸானாள்.

ஒரு மே மாத மத்தியானம். டெபோராவும் ஜெர்லினும் சீனியவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஜெர்லின் தலை நிமிராமல் கேட்டாள்.

"மயினி, அன்னைக்கு நீங்க எங்களக் கூப்பிட்டீங்களா?"

ஐந்து மாதமாக டெபோரா எதிர்பார்த்திருந்த கேள்வி அது.

"கூப்பிட்டேன். மூணு நாப்பத்தொம்பதுக்கு. அதுக்கு முன்னால ஆபீசுக்குப் போட்டேன். ஏழு நிமிஷம் பேசினேன். முதல்ல உங்களுக்குப் போட்டிருக்கணும்."

ஜெர்லின் கத்தியை வைத்தாள்.

"மாதா டிவில மூணு மணி ஜெபம் பாத்துட்டு இருந்தோம். பாதில கரண்டு போச்சு, டவரும் அதோட போச்சு. நான் எங்க அம்மைக்குப் போட்டுப் பாத்தேன், போகல. நீங்க ஆபீசுக்குப் போடாம எங்களுக்குப் போட்டிருந்தாலும் கெடச்சிருக்காது மயினி."

டெபோரா கையிலிருந்த காயை நறுக்கி முடித்தாள். இன்னொன்றை எடுத்தாள். இப்போது ஏதாவது இளகும், நெஞ்சில் ஒரு பாரமாவது இறங்கும் என்று காத்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. ஏழு நிமிடத்தின் உறுத்தல் போய்விட்டது, அந்த இடத்தில் சனிக்கிழமை வந்து உட்கார்ந்துகொண்டது.

"சனிக்கிழமை அவன் காத்து உண்டான்னு கேட்டான்," என்றாள். "இல்லன்னு சொன்னேன்."

"காத்து இல்லதான," என்றாள் ஜெர்லின்.

"இல்லதான். ஆனா மழையப் பத்தி அவன் கேக்கல, நானும் சொல்லல."

"நாங்க யாரும் கேக்கலையே. எங்கூர்ல வீட்டுக்கு வீடு காத்த அளக்கத் தெரியும். மழைக்கு ஓடணும்னு யாருக்குத் தெரியும்?" ஜெர்லின் கத்தியை மறுபடி எடுத்தாள். பிறகு சொன்னாள்: "இப்பவும் யாருக்கும் தெரியாது. அங்கன இப்பவும் ஆத்துக் கரையோரமாத்தான் இருக்காவ. அவங்களுக்கு யாரு சொல்லுவா?"

அன்று சாயங்காலம் டார்லினின் பழைய நோட்டில் ஜெர்லின் பெயர்களை எழுதத் தொடங்கினாள். ஆற்றை ஒட்டிய முதல் தெருவில் யார், இரண்டாவது தெருவில் யார், யார் வீட்டில் படுக்கையாகக் கிடக்கும் ஆள் உண்டு, யார் போனை எப்போதும் கையில் வைத்திருப்பார். தெரியாத எண்களைக் கேட்டுக் கேட்டு வாங்கினாள். முப்பத்தெட்டு எண்கள் சேர்ந்தன. டெபோரா தன் பங்குக்குப் பழைய பதிவேடுகளையெல்லாம் எடுத்து, இங்கே இவ்வளவு பெய்த நாளில் அங்கே ஆறு எவ்வளவு ஏறியது, எத்தனை மணி நேரம் கழித்து ஏறியது என்று ஜெர்லினையும் ஊர்க்காரர்களையும் விசாரித்துக் குறித்தாள். துல்லியமான கணக்கு இல்லை அது. மூன்று மணி நேரத்தில் தொண்ணூறு மில்லிமீட்டர் தாண்டினால், காற்றும் அசையாமல் நின்றால், மேலே மலையிலும் பெய்கிறது என்று தெரிந்தால், கூப்பிடுவது என்று முடிவு செய்தார்கள். அணையைத் திறப்பதை அரசு சொல்லும். பேரிடர் எச்சரிக்கை போனிலேயே வரும். இது அதற்கு மேல் ஒன்று, அவ்வளவுதான்.

போன ஐப்பசியில் அப்படி ஒரு நாள் வந்தது. காலை ஒன்பதுக்குத் தொடங்கி பன்னிரண்டுக்குள் தொண்ணூற்றேழு மில்லிமீட்டர். வேகமானியின் கிண்ணங்கள் பையச் சுற்றின. டெபோரா வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தாள். ஜெர்லின் பாதி, அவள் பாதி. அலுவலகத்துக்குச் சொல்வது பிறகு ஆகட்டும்.

"நான் மெர்வினுக்க அக்கா பேசுதேன். மேல மழை நின்னு கொட்டுது. காத்து இருக்காது, காத்துக்குப் பாக்காதீங்க. சாயங்காலத்துக்குள்ள எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போயிருங்க. கார்டு, சர்டிபிகேட்டு இருக்க பைய முதல்லயே எடுத்துருங்க, பெறவு எடுக்கத் திரும்பாதீங்க."

இதையே பத்தொன்பது தடவை சொன்னாள். குரல் ஒரு தடவையும் ஏறவில்லை, இறங்கவில்லை. பதிவுக் குரல்போல் இருந்தது. ஜெர்லின்தான் அழுது, கோபித்து, "ஏட்டி, போறியா இல்லையா" என்று கத்தினாள். கிட்டத்தட்ட எல்லாரும் போனார்கள்.

ஆறு படித்துறையின் மேல்படிவரை ஏறியது. அங்கே நின்றது. மலையில் மழை விட்டுவிட்டது. மறுநாள் பொழுது விடிந்ததும் எல்லாரும் காய்ந்த தரையில் வீட்டுக்குத் திரும்பினார்கள். ஏழு மணிக்கெல்லாம் போன் வரத் தொடங்கியது. முதலில் வந்தது ஆபிதா பீவி. ஆற்றை ஒட்டிய முதல் தெருவில் இடியாப்பம் போட்டு விற்பவர். அறுபது வயதுக்கு மேல்.

"என்னம்மா நீ! வெள்ளம் வருது வெள்ளம் வருதுன்னே. ஒரு செம்புத் தண்ணி வரல. நாலு படி மாவு நனைச்சு வச்சது பாழாப் போச்சு. முழங்கால் வலியோட அந்தப் பள்ளிக்கூட பெஞ்சில கெடந்தேன்."

"தப்பாப் போச்சு பீவி," என்றாள் டெபோரா. "ஆத்துக்கு இன்னும் ரெண்டு மணி நேர மழை வேணும். அது பெய்யல. பெய்யாதுன்னு எனக்குத் தெரியாது."

"தெரியாமலா கூப்பிட்டே?"

"தெரியாமத்தான் கூப்பிட்டேன். அடுத்த தடவையும் கூப்பிடுவேன். அப்பவும் தப்பாப் போகலாம்."

 டெபோரா இன்னும் திட்டு வரும் என்று காத்திருந்தாள்.

"கூப்பிடு," என்றார் ஆபிதா பீவி. "நீ பாட்டுக்குக் கூப்பிடு. நான் பாட்டுக்கு ஏசுவேன். ஏசினா கோவிச்சுக்கிட்டுக் கூப்பிடாம இருந்துராத."

"இல்ல பீவி."

போனை வைத்தாள். ஜெர்லின் அடுப்படியிலிருந்து, "என்ன சொல்லுதாவ?" என்று கேட்டாள்.

"மாவு பாழாப் போச்சாம். ஏசுதாவ."

சொல்லும்போதே டெபோராவின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு மாதிரி இருந்தது, சரியாகச் சிரிப்பு இல்லை. ஜெர்லின் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள். டெபோரா முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"தோச இருக்கா?" என்று கேட்டாள். "பசிக்கு."

மூன்று தோசை சாப்பிட்டாள். பிறகு அடுத்த எண்ணிலிருந்து போன் அடித்தது. அதையும் எடுத்து, ஏச்சைக் கேட்கத் தயாராக உட்கார்ந்தாள்.